வானில் தொங்கும் கோபுரமும் மண்ணுக்குள் ஒரு வீடும்

பூமியில் அடித்தளமே போடாமல் வானத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஒரு கோபுரத்தின் வரைபடம் 2017-இல் வெளியானது. வரைந்தது நியூயார்க்கில் உள்ள கிளவுட்ஸ் ஆர்க்கிடெக்சர் ஆபீஸ் என்ற நிறுவனம். கோபுரத்தின் பெயர் அனலெம்மா டவர். ஒரு பெரிய விண்கல்லைப் பிடித்துவந்து பூமியைச் சுற்றவிட வேண்டும், அதிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு வடம் இறக்க வேண்டும், வடத்தின் நுனியில் வீடுகளும் அலுவலகங்களும் வழிபாட்டுக் கூடமும் கொண்ட கோபுரத்தைத் தொங்கவிட வேண்டும். திட்டம் இவ்வளவுதான். அதன் உச்சி 32 கி.மீ. உயரத்தில் இருக்கும். கோபுரம் நாளொன்றுக்கு ஒருமுறை வடக்கும் தெற்குமாக எட்டு வடிவத்தில் உலா வரும். கோபுரத்தைக் கட்டத் துபாய் ஏற்ற இடம் என்றும், நியூயார்க்கில் ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே ஆகும் என்றும் நிறுவனம் கூறியது. விண்கல்லைக் கட்டியிழுத்து வரப்போகிறவர்கள் கொத்தனார் கூலியில் மிச்சம் பிடிக்க நினைத்ததை ரசிக்காமல் இருக்க முடியாது.

விண்வெளிக் கட்டடம் என்ற பெயரில் வந்த திட்டங்கள் பல. பூமிக்கும் வானுக்கும் இடையே ஓடும் மின்தூக்கி, பத்தாயிரம் பேர் வாழும் சுழல் நகரம், சூரியனையே சுற்றி வளைக்கும் கூடு, நிலாவில் மண் வீடு என்று அந்த வரிசை நீள்கிறது. இவற்றில் எது முடியும், எது முடியாது என்று தீர்மானிப்பது கற்பனையின் துணிச்சல் அல்ல. கட்டுமானப் பொருள் எங்கிருந்து வருகிறது, கட்டடத்தின் பாரத்தை எது தாங்குகிறது, உள்ளே இருக்கும் காற்றை எது பிடித்துவைக்கிறது என்ற மூன்று கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. முதல் கேள்விக்கான விடையைத் தேடிப்போனால், திண்டுக்கல் சமவெளியிலும் அதற்கு வடக்கே நாமக்கல் பக்கத்திலும் கிடக்கும் ஒரு வெளிறிய பாறையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வடம் தாங்குமா?

தொங்கும் கோபுரத்தில் முதலில் இடறுவது அதன் வேகம். பூமியை ஒரு நாளில் ஒருமுறை சுற்றும் பொருள் தரையிலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதன் பாதை நிலநடுக்கோட்டின் மேலேயே அமைந்தால் கீழிருந்து பார்ப்பவருக்கு அது அசையாமல் நிற்கும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இப்படித்தான் நிற்கின்றன. நியூயார்க் வரை வர வேண்டுமானால் பாதையைச் சுமார் 40 பாகை சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்ந்த வட்டப்பாதையில் கோபுரம் நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,100 கி.மீ.-க்கு மேல் வருகிறது. பயணிகள் விமானங்களே அவ்வளவு வேகத்தில் பறப்பதில்லை. விமானமாவது காற்றைக் கிழித்துச் செல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. இங்கே பறக்கப்போவது மாடி வீடு. நியூயார்க்குக்கு மேலே வேகம் குறையும்படி பாதையைச் சற்று நீள்வட்டமாக்கலாம். அப்படிச் செய்தால் விண்கல்லின் உயரமே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறி இறங்கும், கோபுரம் சில மணி நேரம் விண்வெளிக்குப் போய்விட்டுப் பிறகு தரையை நோக்கிப் பாயும். விமானப் பாதைகள், புயல்கள், கீழே சுற்றும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் பற்றிய பேச்சு இதற்குப் பிறகு தேவைப்படாது.

அசையாமல் நிற்கும் வடம் என்ற எண்ணம் இதைவிடப் பழையது, இதைவிட மரியாதைக்குரியதும்கூட. ஈஃபில் கோபுரம் எழும்பிய சில ஆண்டுகளில், 1895-இல், ரஷ்யாவின் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி அதைப்போல் வானம் வரை நீளும் ஒரு கோபுரத்தைக் கற்பனை செய்தார். கீழிருந்து எழுப்பினால் அடிப்பகுதி நசுங்கிவிடும். மேலிருந்து இரு பக்கமும் வடத்தை இறக்கினால் அந்தச் சிக்கல் இல்லை என்று 1960-இல் லெனின்கிராட் பொறியாளர் யூரி அர்த்சுதானோவ் காட்டினார். அமெரிக்கர் ஜெரோம் பியர்சன் 1975-இல் தனியாக அதே முடிவுக்கு வந்து கணக்குகளை வெளியிட்டார்.

இந்த எண்ணத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் இலங்கையில் குடியேறி 1956 முதல் 2008-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். 1979-இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் அவர் விண்தூக்கியை இலங்கையை ஒத்த ஒரு தீவில் நிறுவினார். விண்தூக்கியின் அடி நிலநடுக்கோட்டில் இருப்பதே நல்லது, இலங்கையோ அதற்குச் சில நூறு கி.மீ. வடக்கே இருக்கிறது. ஆகவே நாவலில் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். நாவலாசிரியருக்கு உள்ள அந்தச் சலுகை பொறியாளருக்குக் கிடையாது.

கதையில் தீவு நகர்ந்தது. நிஜத்தில் நகராமல் நிற்பது வடத்தின் வலிமை. வடம் முதலில் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். உயரே போகப்போக ஈர்ப்பு குறைகிறது, சுழற்சியால் வெளியே தள்ளும் விசை கூடுகிறது. இந்தச் சலுகைகளையெல்லாம் கழித்த பிறகும் வடத்தின் மேல் விழும் இழுப்பு, தரையில் உள்ள அதே ஈர்ப்பில் சுமார் 4,900 கி.மீ. நீள வடத்தைத் தொங்கவிடுவதற்குச் சமம். உயர்தர எஃகுக் கம்பி 25 கி.மீ. அளவிலேயே தன் பாரம் தாங்காமல் அறுந்துவிடும். குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழை 250 கி.மீ. வரை தாங்கும். வடத்தை நடுவில் பருக்கவைத்து, இரு முனைக்கும் மெலியவைத்துச் சமாளிக்கலாம். ஆனால் பருமன் கணக்கு பயங்கரமானது. தரையில் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கெவ்லார் வடம் 35,786 கி.மீ. உயரத்தில் சுமார் 200 சதுர மீட்டராகப் பெருத்திருக்க வேண்டும். எஃகில் கணக்குப் போட்டால் வடத்தின் நடுப்பகுதி தொலைநோக்கிக்கு எட்டும் அண்டத்தைவிடப் பருத்துவிடுகிறது.

எஞ்சியிருப்பது கார்பன் நானோகுழாய். கோட்பாட்டின்படி அதன் வலிமை எஃகைப் போலப் பல மடங்கு, எடையோ மிகக் குறைவு. ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 634 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ ஸ்கைட்ரீயைக் கட்டி முடித்த 2012-ஆம் ஆண்டிலேயே விண்தூக்கித் திட்டத்தையும் அறிவித்தது. 96,000 கி.மீ. நீள நானோகுழாய் வடம், 2050 வாக்கில் பயன்பாடு என்பது திட்டம். கட்டுமானப் பணி 2025-இல் தொடங்குவதாக இருந்தது, தொடங்கவில்லை. காரணம் எளியது. 2013-இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் வளர்த்துச் சாதனை படைத்த ஒற்றை நானோகுழாயின் நீளம் அரை மீட்டர். அரை மீட்டருக்கும் 96,000 கிலோமீட்டருக்கும் நடுவே கிடப்பது பணத்தால் மட்டும் கடக்கக்கூடிய தூரம் அல்ல. குழாயில் ஓரிடத்தில் ஓர் அணு இடம் தவறினாலும் வலிமை சரிகிறது, நீளம் கூடக்கூடத் தவறுகளும் கூடும். அது போதாதென்று, பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டை நாள்தோறும் பலமுறை கடக்கின்றன. என்றாவது ஒருநாள் ஏதேனும் ஒன்று வடத்தில் மோதியே தீரும்.

இதே விண்தூக்கியை நிலாவுக்குக் கொண்டுபோனால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, காற்றும் இல்லை. நிலாவின் தரையில் கட்டிய வடம், பூமியின் இழுப்பும் நிலாவின் இழுப்பும் சமன்படும் புள்ளியைத் தாண்டி, பூமியின் பக்கமாக நீண்டு நிற்கும். அந்தப் புள்ளி நிலாவிலிருந்து சுமார் 58,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இன்றைக்குக் கடையில் வாங்கக்கூடிய செயற்கை இழைகளைக் கொண்டே இந்த வடத்தைச் செய்துவிடலாம் என்று பியர்சனே 1970-களின் இறுதியில் காட்டினார். பூமியில் நடக்காத ஒரு கட்டடம் இன்னோர் இடத்தில் நடக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கட்ட வேண்டிய அவசியம் இன்னும் யாருக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

எடையின் கணக்கு

இரண்டாவது வகை, சுழலும் நகரங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார்டு ஓ’நீல் 1974-இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் வரைந்தவற்றுள் பெரியது 32 கி.மீ. நீளமும் 6.4 கி.மீ. விட்டமும் உள்ள உருளை. உட்புறச் சுவரில் வயலும் ஆறும் வீடும் இருக்கும். மறு ஆண்டு நாசாவின் ஏம்ஸ் மையத்தில் கூடிய ஆய்வுக் குழு இன்னும் அடக்கமான ஒன்றை வரைந்தது. ஸ்டான்ஃபோர்டு வளையம் எனப்படும் அதன் விட்டம் 1.8 கி.மீ.; குடியிருப்போர் 10,000 பேர். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழன்றால் வளையத்தின் உள்விளிம்பில் நிற்பவருக்குப் பூமியில் உள்ள அதே எடை கிடைக்கும். இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. வளையம் சிறியதாக இருந்தால்தான் தொல்லை. ஆரம் 10 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் வேண்டும். திரும்பிப் பார்த்தாலே தலைசுற்றும். ஆகவே நகரம் பெரியதாகத்தான் இருந்தாக வேண்டும்.

பெரியது என்றால் எவ்வளவு எடை? ஸ்டான்ஃபோர்டு வளையத்துக்குச் சுமார் ஒரு கோடி டன். அதில் பெரும்பங்கு கதிர்வீச்சைத் தடுக்கும் மண் மூட்டை. 1998-இல் தொடங்கி, நாற்பதுக்கும் மேற்பட்ட ஏவுதல்களில், பல நாடுகள் சேர்ந்து கட்டிய சர்வதேச விண்வெளி நிலையத்தின் எடை ஏறத்தாழ 420 டன், நீளம் 109 மீட்டர். அப்படி 24,000 நிலையங்கள் சேர்ந்தால் ஒரு வளையம். இஸ்ரோவின் ஆற்றல் மிக்க எல்.வி.எம்.3 ராக்கெட் பூமிக்கு அருகிலுள்ள பாதைக்கு ஒரு தடவையில் சுமார் 8 டன் கொண்டுபோகும். வளையத்துக்கான சரக்கை அதில் ஏற்றினால் பன்னிரண்டு லட்சம் ஏவுதல்களுக்கு மேல் ஆகும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய ஏவுதளம் சிறிய ராக்கெட்டுகளுக்கானது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஓ’நீலுக்கும் இது தெரியும். பூமியிலிருந்து எதையும் தூக்காதீர்கள், நிலாவில் வெட்டி எடுத்து வீசியெறியுங்கள் என்பதுதான் அவர் யோசனை. விண்வெளிக் கட்டுமானத்தில் இதுவரை வந்த யோசனைகளிலேயே பயனுள்ளது இதுதான். அவருடைய நகரம் கட்டப்படாமல் போகலாம், ஆனால் நிலா மண்ணைத் தேடும் இன்றைய ஆய்வுகளுக்குப் பின்னால் இருப்பதும் அதே யோசனைதான்.

சூரியனைச் சுற்றி வளைக்கும் கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960-இல் ஃபிரீமன் டைசன் அதை எழுதியபோது கெட்டியான ஓடு எதையும் நினைக்கவில்லை. தனித்தனியே சுற்றும் எண்ணற்ற பொருள்களின் கூட்டத்தைத்தான் நினைத்தார். கெட்டி ஓடு தன் பாரத்தாலேயே நொறுங்கும். கூட்டமாகச் செய்வதானால் கோள்களையே உடைத்தெடுக்க வேண்டியிருக்கும்.

துண்டுகளை இணைப்பது

நடைமுறையில் விண்வெளிக் கட்டடம் என்பது துண்டு துண்டாக ஏற்றி மேலே பூட்டுவதுதான். இந்தியாவின் பாரதிய அந்தரிக்ஷ நிலையமும் அப்படித்தான் திட்டமிடப்பட்டுள்ளது. முதல் அறை 2028-இல், ஐந்து அறைகளும் சேர்ந்த முழு நிலையம் 2035-இல், மொத்த எடை சுமார் 52 டன். அதற்கான முன்சோதனையாக 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று இணைந்தன. ரஷ்யா, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த நாடு இந்தியா.

இணைப்பு என்பது பார்க்கும்போது எளிதாகத் தோன்றும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் போலவே அதிலும் நுணுக்கமெல்லாம் உள்ளே, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வேண்டிய உலோகப் பாகங்களில் இருக்கிறது. பூட்டு இறுகினால் எண்ணெய் விடலாம். வெற்றிடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். காற்றில் உலோகத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு ஏடு தேய்ந்துவிட்டால் அங்கே அது மறுபடி படியாது. அப்போது இரண்டு உலோகப் பரப்புகளும் நெருப்பில்லாமலேயே ஒட்டிக்கொள்கின்றன. 1989-இல் வியாழனை நோக்கிப் புறப்பட்ட கலிலியோ விண்கலத்தின் குடை போன்ற பெரிய ஆன்டெனா 1991-இல் விரிய மறுத்ததற்குக் காரணம் இதுதான்; உயவுப் பூச்சு தேய்ந்துபோய் விலா எலும்பு போன்ற சில கம்பிகள் ஒட்டிக்கொண்டன. கடைசிவரை அது விரியவில்லை. பல லட்சம் மூட்டுகள் கொண்ட விண்வெளி நகரத்தை வரைகிறவர்கள் இந்த ஒரு குடையின் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலாவின் மண், தமிழ்நாட்டின் பாறை

மண்ணை மேலேயே எடுக்க வேண்டும் என்றான பிறகு நிலாவுக்கு வந்தாக வேண்டும். நிலா உருவான தொடக்கத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்பது இன்றைக்குப் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கடல் ஆறியபோது கனமான கனிமங்கள் அடியில் தங்கின. கால்சியமும் அலுமினியமும் நிறைந்த, லேசான பிளேஜியோகிளேஸ் கனிமம் மிதந்து மேலே ஏடாகப் படிந்தது. அந்த ஏடுதான் அனார்த்தசைட் என்னும் வெளிறிய பாறை. நிலாவைப் பார்க்கும்போது வெளுத்துத் தெரியும் மேட்டுநிலங்கள் அதனால் ஆனவை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய தென்பகுதியிலும் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணின் சேர்க்கை இந்தப் பாறையோடு ஒத்துப்போனது.

பூமியில் அனார்த்தசைட் எல்லா இடத்திலும் கிடைக்காது. தமிழ்நாட்டில் சில இடங்களில் கிடைக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தை ஒட்டி ஒரு பெரும் திரள் இருக்கிறது. மாவட்ட எல்லைக்கு அப்பால் கரூர் மாவட்டத்துக் கடவூரில் இன்னொன்று. இரண்டும் நிலவியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவை. திண்டுக்கல்லிலிருந்து கரூர் வழியே வடக்கே போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் இன்னும் மேலே சென்றால் நாமக்கல் மாவட்டம். அங்கே சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் மூன்றாவது திரள். இஸ்ரோ தேர்ந்தெடுத்தது இந்த மூன்றாவதை. சித்தம்பூண்டிப் பாறையின் பிளேஜியோகிளேஸில் கால்சியம் மிக அதிகம், நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு மிக நெருக்கம். ஒட்டன்சத்திரத்துப் பாறையும் அதே குலம்தான், ஆனால் கால்சியம் அந்த அளவுக்கு இல்லை.

நிலா மண்ணின் நகல் எதற்கு? அப்பல்லோ பயணங்கள் 1969 முதல் 1972 வரை கொண்டுவந்த நிலாக் கற்களும் மண்ணும் மொத்தம் 382 கிலோதான். லேண்டரின் கால்கள் புதையுமா, ஊர்தியின் சக்கரம் வழுக்குமா என்று பார்க்க அதைக் கொட்டிப் பரப்ப முடியாது. சோதனைக்கு 60, 70 டன் வேண்டும். வெளிநாட்டில் கிலோ 150 டாலர் விலை சொன்னார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றின் உதவியோடு நாமக்கல் பாறையைச் சேலம் பக்கத்துக் கிரஷர்களில் அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2012 முதல் சுமார் 50 டன் போயிருக்கிறது. சந்திரயான்-2, சந்திரயான்-3 இரண்டும் இந்த மண்ணில் சோதிக்கப்பட்டவை. செய்முறைக்கு 2014-இல் விண்ணப்பித்த இஸ்ரோவுக்கு 2020 மே மாதம் காப்புரிமையும் கிடைத்தது.

நகல் என்றால் முழு நகல் அல்ல. நிலாவில் காற்றும் நீரும் இல்லாததால் மண்துகள்களின் முனைகள் தேய்ந்து மழுங்குவதில்லை. நுண்விண்கற்கள் மோதி உருகிய கண்ணாடித் துணுக்குகளும் கலந்திருக்கின்றன. கிரஷரில் அரைத்த பொடிக்கு அந்தக் கூர்மை முழுதாக வருவதில்லை. நிலா மண் துணியை அறுக்கும், ரப்பர் வளையங்களைத் தேய்க்கும், நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்ற கவலையும் உண்டு.

செங்கல் சூளை இல்லாத செங்கல்

இந்த மண்ணைக் கல்லாக்கும் வழிகளில் விசித்திரமானது பெங்களூரில் பிறந்தது. இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நிலா மண்ணின் நகலோடு ஸ்போரோசார்சினா பாஸ்டுரி என்ற பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதையிலிருந்து எடுத்த பசை ஆகியவற்றைக் கலந்தார்கள். பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கும்போது சுண்ணாம்புப் படிகங்கள் உருவாகித் துகள்களைப் பிணைக்கின்றன. கொத்தவரைப் பசை கல்லுக்கு உறுதி சேர்க்கிறது. யூரியாவுக்குத் தட்டுப்பாடு வராது. விண்வெளி வீரர்களின் சிறுநீரே போதும். 2022-இல் செவ்வாய் மண்ணின் நகலிலும் இதைச் செய்து காட்டினார்கள். சூட்டில் இறுக்கிய கல்லில் விழும் விரிசலை இதே பாக்டீரியாக் குழம்பைக் கொண்டு அடைக்கலாம் என்று 2025-இல் இன்னோர் ஆய்வு வந்தது.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. வெற்றிடத்தில் தண்ணீர் நில்லாது, கொதித்துப் போய்விடும். ஆகவே இந்தக் கல்லை வார்க்க முதலில் காற்றடைத்த ஓர் அறை வேண்டும், அதாவது கட்டடம் கட்டுவதற்கு முன்பே ஒரு கட்டடம் வேண்டும். தண்ணீரைத் தவிர்க்க நினைப்பவர்கள் கந்தகத்தை உருக்கிச் சிமெண்டுக்குப் பதிலாக ஊற்றலாம் என்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளி உற்பத்திக்கான ஆய்வு மையம் தண்ணீரற்ற கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறது. நிலாவின் தென்பகுதியில் கந்தகம் இருப்பதைப் பிரக்யான் 2023-இல் உறுதிசெய்தது. ஆனால் கந்தகம் 115 பாகை செல்சியஸ் அளவில் உருகும். நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் நண்பகல் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை. அங்கே கட்டிய கந்தக வீடு மதியத்தில் இளகும். துருவத்துப் பக்கம் தப்பிக்கும். மூன்றாவது வழி, சூரிய ஒளியைக் குவித்தோ நுண்ணலையைப் பாய்ச்சியோ மண்ணையே சுட்டு இறுக்குவது. கலவை எதுவும் தேவைப்படாததால் கடைசியில் வெல்லக்கூடியது இதுதான் என்று தோன்றுகிறது.

காற்றைப் பிடித்துவைக்கும் சுவர்

கல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வீடு நிற்குமா? பூமியில் கல் கட்டடம் எடையால் நிற்கிறது. 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் எழுந்த திண்டுக்கல் மலைக்கோட்டையின் மதிலில் ஒவ்வொரு கல்லும் கீழுள்ள கல்லை அழுத்துகிறது. அந்த அழுத்தமே பிணைப்பு. நிலாவில் நிலைமை வேறு. வெளியே வெற்றிடம், உள்ளே மனிதர் மூச்சுவிடும் காற்று. அந்தக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் கூரையையும் சுமார் 10 டன் விசையோடு வெளியே தள்ளும். கூரைமேல் இரண்டு மீட்டர் மண் கொட்டினால், ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில், அதன் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 டன் மட்டுமே. பாரத்தாலேயே காற்றைச் சமன்செய்ய 30 மீட்டருக்கு மேல் மண் வேண்டும். அப்பல்லோ கலங்களில் இருந்ததுபோல் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனை மட்டும் நிரப்பினாலும் தள்ளுவிசை 3 டன்னுக்குக் குறையாது. தீப்பிடிக்கும் ஆபத்தும் கூடும். இழுவிசையைக் கல் தாங்காது. கல் வீடு நிலாவில் இடிந்து விழாது, வெடித்துப் பிரியும்.

அதனால் வடிவமைப்பாளர்கள் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். உள்ளே காற்றைப் பிடிக்க இழைத் துணியாலான ஊதல் கூடாரம். அதன்மேல் பாறைப்பொடியால் அச்சிட்ட ஓடு. ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஃபாஸ்டர் கட்டடக்கலை நிறுவனமும் 2013-இல் இப்படி ஒரு குவிமாடத்தை வரைந்து, சோதனைக்கு ஒன்றரை டன் எடையுள்ள கட்டி ஒன்றை முப்பரிமாண அச்சில் வார்த்தும் பார்த்தார்கள். ஊதல் அறை கற்பனை அல்ல. 2016-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பீம் என்ற ஊதல் அறை இணைக்கப்பட்டு, எதிர்பார்த்த இரண்டாண்டுகளைத் தாண்டியும் உழைத்தது. வீட்டை அச்சிடுவதும் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-இல் 600 சதுர அடி வீடு ஒன்று அப்படி எழும்பியது, சிமெண்டும் தண்ணீரும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில்.

மண் ஓட்டின் வேலை கதிர்வீச்சையும் நுண்விண்கற்களையும் வெப்பத்தையும் தடுப்பது. இரண்டு மூன்று மீட்டர் தடிப்பு வேண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. வெப்பத்தைத் தடுப்பதில் நிலா மண் அபாரமானது. சந்திரயான்-3-இன் சேஸ்ட் கருவி மண்ணுக்குள் கம்பியை இறக்கி அளந்தபோது மேற்பரப்பில் 50 பாகைக்கு மேல் இருந்த வெப்பம் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 10 பாகையாக இருந்தது. ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் அறுபது பாகை வித்தியாசம். சில மீட்டர் ஆழத்தில் பகலும் இரவும் ஒன்றுதான். கட்டாமலேயே கிடைக்கும் கூரையும் உண்டு. பழைய எரிமலைக் குழம்பு வடிந்தோடி விட்டுச்சென்ற சுரங்கங்களில் ஒன்றைச் சந்திரயான்-1-இன் படங்களில் அகமதாபாத் இஸ்ரோ விஞ்ஞானிகள் கண்டு 2011-இல் அறிவித்தார்கள், நீளம் 1.7 கி.மீ. அதற்குள் ஊதல் கூடாரத்தை விரித்தால் ஓட்டுச் செலவே மிச்சம். உள்ளே இறங்குவதற்கு வழி செய்வதுதான் பாடு.

இவ்வளவும் தீர்ந்த பிறகும் இரவு இருக்கிறது. நிலாவின் ஓர் இரவு நமக்குப் பதினான்கு நாள். சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டரும் பிரக்யான் ஊர்தியும் 2023 செப்டம்பரில் உறங்கவைக்கப்பட்டு, மறுபகலில் விழிக்கவே இல்லை. அடுப்பும் அச்சு இயந்திரமும் காற்றுச் சுத்திகரிப்பும் ஓட அந்தப் பதினான்கு நாளும் மின்சாரம் வேண்டும். அணு உலையோ, துருவத்தில் ஏறத்தாழ எப்போதும் வெயில் படும் மலைமுகடுகளோதான் வழி. பல நாடுகளும் தென்துருவத்தைக் குறிவைப்பதற்குப் பனிக்கட்டியோடு இந்த வெயிலும் காரணம். இந்தியர் ஒருவரை 2040-க்குள் நிலாவுக்கு அனுப்புவது அரசு அறிவித்த இலக்கு; அவர் தங்கப்போவது பெரும்பாலும் இங்கிருந்தே கொண்டுபோன உலோக அறையில்.

நிலா மண்ணால் ஆகும் முதல் கட்டுமானமும் வீடாக இருக்க வாய்ப்பில்லை. 1969 நவம்பரில் அப்பல்லோ 12, அதற்கு முன்பே அங்கே போயிருந்த சர்வேயர்-3 கலத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி இறங்கியது. இறங்கும் ராக்கெட்டின் புகை கிளப்பிய மண் அந்தக் கலத்தை மணல் வீச்சில் தேய்த்ததுபோல் அரித்திருந்ததை வீரர்கள் கழற்றிவந்த பாகங்கள் காட்டின. காற்றில்லாத இடத்தில் கிளம்பிய துகள் எங்கும் நிற்பதில்லை, துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் வெகுதூரம் போகும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கலங்கள் ஓரிடத்தில் இறங்க வேண்டுமானால் முதலில் தேவைப்படுவது சுட்டு இறுக்கிய மண்ணால் ஆன தட்டையான இறங்குதளமும் அதைச் சுற்றி ஒரு மண் கரையும். சுவர் கிடையாது, கூரை கிடையாது, காற்றைப் பிடித்துவைக்கும் வேலையும் இல்லை. நாமக்கல் மண்ணைப் போன்ற நகல்களில் இன்று நடக்கும் சூடேற்றும் சோதனைகளில் ஒரு பகுதி இந்தத் தளத்துக்கானதே.